வேப்பேரியில் ஒரு துளி ரத்தம்

சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து மேற்கே, ரிப்பன் மாளிகையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்று வலப்பக்கம் திரும்பினால் பெரியமேடு. தெருவெல்லாம் தோல் வியாபாரம். அந்த வாடையைக் கடந்து வேப்பேரிக்குள் நுழைந்தீர்களானால் காட்சி அடியோடு மாறிவிடும். அங்கே தோலுக்கு விலையில்லை. தோலுக்குள் இருக்கும் உயிருக்குத்தான் விலை!

ஆம், சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியைத்தான் சொல்கிறேன். 1903-ஆம் ஆண்டில் 'டாபின் ஹால்' என்ற சிறு கட்டடத்தில் 20 மாணவர்களுடன் ஆரம்பமான கல்லூரி இது. 1936-இல் சென்னைப் பல்கலைக் கழகத்துடன் இணைந்து, இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் வழங்கிய பெருமையும் இதற்கு உண்டு.

காலை வேளையில் இங்குள்ள ஆஸ்பத்திரி வாசலில் நின்று பாருங்கள். ஆட்டோவிலிருந்து ஒரு பொமரேனியன் ராஜகுமாரி போல் இறங்கும். மூடி போட்ட கூடைக்குள்ளிருந்து ஒரு பூனை உலகத்தையே சபித்துக்கொண்டு வரும். தெருவில் பிறந்த நாட்டு நாயும், ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய ஜாதி நாயும் ஒரே வரிசையில் நிற்கும்.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால், "இங்கே வலிக்கிறது, அம்மா" என்று தொட்டுக் காட்டும். நாய் என்ன செய்யும்? மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். பூனை அதைக்கூட நமக்குக் காட்டாமல் மறைத்துவிடும். இந்த வாயில்லா ஜீவன்களுக்காக வாய் திறந்து பேசுவது ரத்தமும் சிறுநீரும்தான்.

நான் போயிருந்த அன்று ஓர் அம்மாள், செவலை நிற நாட்டு நாய் ஒன்றை அணைத்தபடி நின்றிருந்தார். நான்கு நாளாகக் காய்ச்சல்; அன்று காலை மூக்கிலிருந்து ரத்தம் வேறு.

"ஊசி ஒன்று போட்டுவிட்டால் போதாதா, டாக்டர்? ரத்தமெல்லாம் எடுக்கணுமா? பாவம், இளைத்துப் போயிருக்கிறான்" என்றார், கண் கலங்க.

"எதற்கு ஊசி என்று தெரிய வேண்டாமா, அம்மா?" என்றார் டாக்டர். அந்தக் குரலில் கண்டிப்பும் இருந்தது, கருணையும் இருந்தது.

முன்காலில் ரோமத்தைக் கொஞ்சம் மழித்து, இரண்டு மில்லி ரத்தம் எடுத்தார்கள். அதை ஊதா மூடி போட்ட குழாயில் விட்டு மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலந்தார்கள். அந்தக் குழாயில் உள்ள மருந்து ரத்தத்தை உறைய விடாது. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பரப்பி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தார்கள்.

ஆரோக்கியமான நாய்க்கு ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் சுமார் 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். ரத்தத்தை உறைய வைப்பவை இவைதான். அந்தச் செவலை நாய்க்கு 30,000 தான் இருந்தது! வெள்ளையணு ஒன்றுக்குள் மல்பெரிப் பழம் போல் ஒரு கொத்து. 'எர்லிக்கியா' என்ற கிருமி. உண்ணி கடித்து வருவது. இந்தக் கொத்து எப்போதும் கண்ணில் படாது, அப்போது பி.சி.ஆர். சோதனை கைகொடுக்கும்.

"நல்ல வேளை, இப்போதே வந்தீர்கள். நாலு வாரம் மாத்திரை விடாமல் கொடுக்க வேண்டும். எலும்பு மஜ்ஜை வரை போயிருந்தால் எங்கள் கையில் ஒன்றுமில்லை" என்றார் டாக்டர். அந்த அம்மாள் மாத்திரைச் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டார்.

பூனை விஷயம் இன்னும் சூட்சுமம். சிறுநீரகம் ஏறக்குறைய முக்கால் பங்கு பழுதான பிறகே 'கிரியேட்டினின்' கணக்கு கூடுமாம். ஆகவே, பூனைக்கு வயதாகிவிட்டால் நோய் தெரியும்வரை காத்திராமல் சிறுநீரையும் ரத்தத்தையும் அவ்வப்போது சோதிப்பது நல்லது. இன்னொரு வேடிக்கை: ஆஸ்பத்திரிக்கு வந்த பயத்திலேயே பூனைக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடும்! அதனால் 'பிரக்டோஸமின்' என்ற சோதனையையும் செய்து, முந்தைய இரண்டு மூன்று வாரத்து நிலவரத்தைத் தெரிந்துகொள்கிறார்கள்.

மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் 'லெப்டோஸ்பைரா' நாயோடு நிற்பதில்லை. நாயின் சிறுநீர் மூலம் வீட்டு மனிதர்களுக்கும் தொற்றும். நாய்க்குச் செய்யும் சோதனை, சில சமயம் குழந்தைக்கு முன்னெச்சரிக்கை!

எல்லாவற்றையும் ரத்தம் சொல்லிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். வெறிநோயை உயிருள்ள நாயின் ரத்தத்தைப் பார்த்து உறுதி செய்ய முடியாது. இறந்த பிறகு மூளையைத்தான் சோதிக்கிறார்கள். அதற்குத் தடுப்பூசி ஒன்றே வழி.

நீங்கள் அழைத்துப் போகும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். வெறும் வயிறாக வர வேண்டுமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்துத் தாமதமின்றிக் கொடுங்கள். மலத்தையும் புதிதாகவே எடுத்துப் போங்கள். கொக்கிப் புழுவின் முட்டை அதில்தான் தெரியும். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இதை எந்த இயந்திரமும் சொல்லாது. வீட்டில் சோறு போடுகிற உங்களுக்குத்தான் தெரியும்.

இன்று மாலை உங்கள் நாயைத் தடவிக் கொடுக்கும்போது, காதின் பின்புறத்தையும் கால் விரல் இடுக்கையும் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். அங்கே ஓர் உண்ணி உட்கார்ந்திருந்தால், வேப்பேரிக்கு வழி உங்களுக்குத் தெரியுமல்லவா?