ஓர் அங்குலத்திற்கு 26 மரை

கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரைக்கு அண்மையில் வாழும் முதியவர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம்மை நாடி வந்தார். "சாமி, என் வண்டியைக் காயலான் கடையில் போடச் சொல்கிறான் மகன். நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள். நீங்களும் அப்படியே சொன்னால் அதன்பின் நான் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன்" என்றார். பங்குக் குருவிடம் மக்கள் கொண்டுவரும் வழக்குகள் பலவிதம். எனினும் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாழ்வா சாவா என்று தீர்ப்புச் சொல்லும்படி அதுவரை எவரும் நம்மைக் கேட்டதில்லை. குருப்பட்டம் பெற்ற புதிதில் கிளைக் கிராமங்களுக்கெல்லாம் நாம் ஒரு பழைய புல்லட்டில் சென்று வந்ததை அவருக்கு யாரோ சொல்லியிருக்கவேண்டும்.

போய்ப் பார்த்தோம். பி.எஸ்.ஏ. நிறுவனத்தார் இங்கிலாந்தில் செய்த 'பி 31' என்னும் வண்டி அது. ஒற்றைச் சிலிண்டர், 348 சி.சி. முதியவரின் தந்தையார் வாங்கியது. மணமான மறுநாள் மனைவியை ஏற்றிக்கொண்டு சாந்தோம் கடற்கரைக்கு இவர் சென்றதும் அதில்தான். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்தில் ஆற்றுநீர் வீட்டிற்குள் புகுந்தபோது, கொட்டகையில் நின்ற வண்டி இரண்டு நாட்கள் முழுகிக் கிடந்தது. அடுத்த ஆண்டு அந்த அம்மையார் காலமானார். அதற்குப்பின் இவர் வண்டியின் மீது கைவைக்கவே இல்லை.

தண்ணீர் இயந்திரத்தினுள் புகுந்து தங்கிவிட்டால் நேர்வது என்னவென்றால், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் துருவேறி, சிலிண்டரின் இரும்புச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்றி எடுத்தாலும் சுவரெங்கும் குழிகள் விழுந்திருக்கும். குழிகள் மறையுமளவுக்குச் சுவரைக் கடைந்து அகலப்படுத்தி, அந்த அகலத்திற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடவேண்டும். இவ்வண்டிக்கு முதலளவு 71 மில்லிமீட்டர். அதன்மேல் அங்குலத்தின் ஆயிரத்தில் 20, 40, 60 பங்கு என்று படிப்படியாகக் கூட்டிய அளவுகள் உண்டு. முதியவரின் சிலிண்டரோ முன்னரே கடைசிப் படிவரை கடையப்பட்டுவிட்டது. இனிமேல் உள்ளே புதிதாக ஸ்லீவ் என்னும் உறை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

புல்லட்டாக இருந்திருந்தால் இத்துணை இடர்ப்பாடு நேர்ந்திராது. அதுவும் பிறப்பால் ஆங்கில வண்டியே. ஆனால் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தாருடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினர். திருவொற்றியூரில் வண்டிகளை முதலில் பூட்டி முடித்தவர்கள், 1960-களின் தொடக்கத்திற்குள் பாகங்களையும் இங்கேயே செய்யப் பழகிவிட்டனர். இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு வண்டிகளின் உற்பத்தி 1970-ல் நின்றுபோயிற்று. 1977-லோ நம் சென்னையிலிருந்து புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின. தாய் இறந்த பின்னும் பிள்ளை வளர்ந்த கதை அது.

பி.எஸ்.ஏ.க்கு இந்நாட்டில் அத்தகைய பிள்ளை வாய்க்கவில்லை. 1861-ல் பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கிக் கொல்லர்கள் கூடித் தொடங்கிய நிறுவனம் அது. முட்டுக்கொடுத்து நிற்கும் மூன்று துப்பாக்கிகளே அதன் முத்திரை. 1973-க்குள் அதன் மோட்டார் சைக்கிள் தொழில் நொடித்துப் பிறர் கைக்குப் போயிற்று. 2016-ல் மகீந்திரா குழுமத்தார் அப்பெயரை வாங்கி, 2024-ல் அதே பெயரில் புதிய வண்டியொன்றை இந்தியாவிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பெயர் வந்து சேர்ந்தது. முதியவரின் வண்டிக்கு அதனால் ஓர் ஆணியும் கிடைக்கவில்லை. பழைய பாகங்களைச் செய்து விற்போர் இங்கிலாந்தில் இன்றும் உள்ளனர். ஆனால் விலையோடு கப்பற்கூலியையும் சுங்கவரியையும் கூட்டிப் பார்த்தால், ஓய்வூதியக்காரர் எண்ணிப்பார்க்கக்கூடிய தொகையாக அது இல்லை.

ஆகவே புதுப்பேட்டைக்குச் சென்றோம். கூவத்தின் கரையில், பிரிக்கப்பட்ட வண்டிகளின் கதவுகளும் கியர் பெட்டிகளும் கூரைவரை அடுக்கிக் கிடக்கும் அத்தெருக்களை வாசகர் பலர் அறிந்திருப்பர். "பி.எஸ்.ஏ.க்குப் பிஸ்டன் உண்டா?" என்று நாம் கேட்டதும், ஓர் இளைஞர் மிக மரியாதையாக, "ஃபாதர், அது சைக்கிள் ஆயிற்றே, அதற்கு ஏது பிஸ்டன்?" என்றார். அவர்மீது குற்றமில்லை. அம்பத்தூரில் செய்த பி.எஸ்.ஏ. சைக்கிள்களைத்தானே நம் பிள்ளைகள் அறிவார்கள்! ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம்.

இராயப்பேட்டையில் சிறு பட்டறை வைத்திருக்கும் ஒரு பாய்தான் நமது அறியாமையைப் போக்கினார். எழுபதை நெருங்கும் வயது. "பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்காது, ஃபாதர். அளவைச் சொல்லிக் கேட்கவேண்டும்" என்றார். பிஸ்டனின் அகலம், அதன் குறுக்கே செல்லும் ஊசியின் கனம், ஊசியிலிருந்து தலைவரை உள்ள உயரம் ஆகிய மூன்றையும் அளந்து, ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் குறித்துக்கொண்டார். புதிய உறையை எந்த அகலத்திற்கும் கடையலாமாதலால் முதலளவு சற்று மாறினாலும் பாதகமில்லை. மற்ற இரண்டும் மாறலாகாது. ஆகையால் பிஸ்டன் கையில் வந்தபின்பே சிலிண்டரைத் தொடவேண்டும் என்பது அவர் கணக்கு. மூன்றாவது வாரம் பெயரெழுதாத ஒரு பெட்டியில் அவருக்கு வேண்டியது அகப்பட்டது. எவ்வண்டிக்கென்று வார்த்தது என்பது விற்றவருக்கும் தெரியவில்லை. நீரில் ஊறிக் கெட்ட மாக்னெட்டோவுக்குப் புதிதாகக் கம்பி சுற்ற மேலும் ஒரு மாதம் ஆயிற்று.

இயந்திரத்தை நமது பங்கு இல்லத்து முகமண்டபத்தில் வைத்துப் பூட்டினோம். பக்க உறையைத் தாங்கும் துளைகளுள் ஒன்றில் யாரோ முன்பே ஒரு பித்தளைப் புஷ் இறக்கியிருப்பதைப் பாய் கவனித்து, "நல்ல கை" என்று மெச்சினார். அன்று மாலை ஒரேயொரு போல்ட் குறைந்தது. நாளை கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு அவர் தொழுகைக்குச் சென்றார்.

நமக்கோ பொறுமையில்லை. தெருமுனைக் கடையில் 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை வாங்கிவந்து முடுக்கினோம். இரண்டு சுற்று இலகுவாக ஏறிற்று, பின்னர் இறுகிற்று. இறுகியபோதாவது நிறுத்தினோமா? நீண்ட ஸ்பானரை எடுத்தோம். மெல்லிய ஓசையொன்று கேட்டது. அதன்பின் போல்ட் தடையின்றிச் சுழன்றது. அலுமினிய உறையின் மரை முழுவதும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது.

அந்தத் துளை அங்குலத்தின் 16-ல் 5 பங்கு, அதாவது 7.94 மில்லிமீட்டர். கண்ணுக்கு 8 என்றே தோன்றும். ஆனால் பழைய ஆங்கில வண்டிகளில் பெரிதும் வழங்கிய சைக்கிள் மரையில் ஓர் அங்குலத்திற்கு 26 சுற்றுகள். நாம் முடுக்கியதில் ஏறக்குறைய 20. ஆறு சுற்றுப் பேதத்தை வலக்கை வலிமையால் தீர்க்க முயன்றோம்.

மறுநாள் பாய் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. துளையை அகலப்படுத்திப் புஷ் இறக்கலாம் என்றார். ஆனால் அதனுள் 26 மரை வெட்டும் டேப் அவரிடமிருந்தது முறிந்துபோயிற்றாம். அத்தனை சிறிய துளைக்குள் கடைசல் உளியை விட்டு வெட்டுவதும் எளிதன்று. இரண்டு வாரம் பட்டறை பட்டறையாக அலைந்தோம். முதியவர் ஒவ்வொரு ஞாயிறும், "என்ன சாமி, எப்போது?" என்று கேட்பார், நாம், "ஒரு சிறு பாகம் கிடைக்கவில்லை" என்போம். அது பொய்யன்று, உண்மையும் அன்று. பிறர் பாவசங்கீர்த்தனம் கேட்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பழகிய நமக்கு, ஒரு போல்ட்டைப் பற்றிய குற்றத்தை ஒப்புக்கொள்ள நா எழவில்லை.

மூன்றாம் ஞாயிறன்று அவர் வீட்டிற்கே சென்று சொன்னோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்பு எழுந்துபோய், பரணிலிருந்து ஒரு பிஸ்கோத்துத் தகர டப்பாவை இறக்கச் செய்தார். வெள்ளம் அதுவரை ஏறவில்லை. உள்ளே அளவு வாரியாகப் பொட்டலங்கட்டிய போல்ட்டுகள். அவற்றின் அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றியபடி ஒரு டேப்.

"பக்கத்துத் துளையில் பித்தளை பார்த்திருப்பீர்களே, அது நான் செய்த காரியம் சாமி. அப்பா உயிரோடு இருந்தார். மூன்று மாதம் அவரிடம் சொல்லவேயில்லை" என்றார். "இதை ஏன் ஐயா முன்பே காட்டவில்லை?" என்று கேட்டோம். "நீங்கள் கேட்கவில்லையே" என்றார்.

ஒரு சனிக்கிழமை மாலை வண்டி உயிர்பெற்றது. ஏழாவது உதையில் ஒரு நீலப்புகைப் படலம் கிளம்ப, மறைக்கல்வி வகுப்பிலிருந்த பிள்ளைகள் அனைவரும் வெளியே ஓடிவந்துவிட்டனர். மகன் அயலூரிலிருந்து தொலைபேசியில் ஒலியை மட்டும் கேட்டார். முதியவர் வண்டியில் ஏறவில்லை. பெட்ரோல் தொட்டியின்மீது கைவைத்தவாறு சிறிது நேரம் நின்றுவிட்டு, "போதும் சாமி, நிறுத்துங்கள், சூடாகும்" என்றார்.

டேப்பை அவர் பாயிடமே கொடுத்துவிட்டார். அதன்பின் மூவர் அதனை இரவல் கேட்டு வந்தனராம். பாய் ஒருவருக்கும் கொடுத்தனுப்பவில்லை. வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்.