எங்கே நிற்கிறாய்?

வேலையை விட்டுவிட்டு பெக்கோக்கிற்குத் திரும்பிய முதல் மாதம், வாசல் பெஞ்சில் உட்கார்ந்து செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கிவந்து கட்டினார். “சைட்ல என்னமோ பார்த்துப் பயந்துட்டான்” என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் சொன்னார்.

அம்மா சொன்னதில் தவறில்லை. ஆறாவது மாடி உயரத்தில், ஸ்கேஃபோல்டிங் என்று நாங்கள் சொல்லும் இரும்புச் சாரத்திலிருந்து ஒரு தொழிலாளி விழுந்ததைப் பார்த்தேன். வங்காளதேசத்துக்காரர். என்னைவிட இளையவர். இரண்டு நாளில் இறந்துபோனார். அன்று காலை அந்தச் சாரத்தின் பரிசோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேறொரு குழு பலகையைக் கழற்றியிருக்கிறது என்று விசாரணையில் தெரிந்தது. காகிதத்தில் என்மேல் பிழை இல்லை. ஆனாலும் இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். பிறகு விடியும்வரை கையெழுத்துப் போட்ட பேனாவின் நிறத்தை யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஜொகூர்க்காரர்களுக்கு மனநோய் என்றாலே தம்போய்தான். 1937இல் திறந்த பெர்மாய் மருத்துவமனை அங்கே இருக்கிறது. பள்ளியில் சண்டை வந்தால் “நீ தம்போய்க்குத்தான் போவணும்” என்று திட்டிக்கொள்வோம். அதனால் கிளினிக் டாக்டர் சிகாமட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததும் அப்பா கேட்ட ஒரே கேள்வி, “தம்போய் இல்லையே?”

சிகாமட்டில் முதலில் மாத்திரை. நாலைந்து முறை போன பிறகு, கூடத்தின் கடைசியில் இருந்த ஓர் அறைக்கு அனுப்பினார்கள். நடுத்தர வயது மலாய்ப் பெண்மணி ஒருவர். வெள்ளைத் தாள், எண்ணெய்க் க்ரேயான் பெட்டி. மனதில் வருவதை வரையலாம், எதுவும் வராவிட்டாலும் பரவாயில்லை என்றார். நான் ஸ்கேல் கேட்டேன். சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார்.

இருபது நிமிடத்தில் சாரத்தை முகப்புத் தோற்றத்தில் வரைந்தேன். நிற்கும் குழாய்கள், குறுக்குக் குழாய்கள், மூலைவிட்டத் தாங்கிகள் எல்லாம் சரியான இடைவெளியில். நல்ல படம் என்றுதான் இன்றும் சொல்வேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அவாக் பெர்டிரி டி மானா?” என்றார். நீங்க எங்க நிக்கிறீங்க?

எனக்குப் பதில் தெரியவில்லை. பொறியியல் படித்தவர்களுக்கு இது புரியும். முகப்புத் தோற்றத்தில் பார்ப்பவன் என்று ஒருவன் கிடையாது. பார்வைக் கோடுகளெல்லாம் ஒன்றுக்கொன்று இணை. அதாவது கண் முடிவிலியில் இருக்கிறது. அப்படி வரைந்தால்தான் தூரத்தில் இருப்பது சிறுத்துப்போகாது, அளவு பிசகாது, ஒப்பந்ததாரர் குழம்பமாட்டார். நாலு வருடம் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொண்டதே அதுதான், கண்ணை எடுத்துவிட்டு வரைவது.

அடுத்த வாரம் ஸ்கேல் கேட்கவில்லை. சாரம் கோணலாக வந்தது. கீழே தடித்து, மேலே போகப்போக ஊசிபோல் ஒடுங்கியது. மணல் குவியலுக்குப் பக்கத்தில் என்னை வரைந்தேன். கையில் புங்குஸ் கட்டிய தே ஆயிஸ். பசியாறப் போய் வாங்கிவந்தது. அந்தப் பொட்டலத்துக்கு நிறம் கொடுக்கவே அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். ஆரஞ்சு, அதன்மேல் பழுப்பு, மறுபடி ஆரஞ்சு. க்ரேயானைத் தேய்த்துக்கொண்டே கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். மலாயில், முன்பின் தெரியாத ஒருவரிடம், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

உன் தவறில்லை என்று அவர் சொல்லவில்லை. அதை ஏற்கெனவே எல்லாரும் சொல்லிவிட்டார்கள். “அந்த டீ என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

ஆம்புலன்ஸ் போன பிறகும் அது என் கையிலேயே இருந்தது. அதுவரை எனக்கே அது ஞாபகம் இல்லை. அன்று அழுதேன்.

ஓவியம் வைத்துச் செய்யும் சிகிச்சையைப் பற்றிப் பிறகுதான் தேடிப் படித்தேன். ‘கலைச் சிகிச்சை’ என்ற பெயரை 1942இல் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். 1938இல் காசநோய் வந்து மருத்துவமனையில் கிடந்தபோது வரைந்து பொழுதைப் போக்கினார். பிறகு மற்ற நோயாளிகளையும் வரையவைத்தார். போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்களும் அவர்களில் இருந்தார்கள்.

என்னை அதிகம் பாதித்தது மட்டக்களப்பு. 1996இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, கனடா ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைக் குரு பால் சற்குணநாயகமும் அங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் பஸ்ஸில் வருவார்கள். வாரத்தில் ஒரு நாள், மாதக்கணக்கில். களிமண், வர்ணம், கதை. வீடு எரிந்ததைப் பார்த்த பிள்ளையிடம் வீடு எரிந்ததைச் சொல்லச் சொல்வதில்லை. பிள்ளை பிசைந்துகொண்டிருக்கும், பக்கத்தில் ஒரு பெரியவர் தானும் பிசைந்துகொண்டிருப்பார். இதைப் படித்தபோது சிகாமட் அறை ஞாபகம் வந்தது. அங்கேயும் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்தார். டீயைப் பற்றிக் கேட்டவர் அவர். தாள் கேட்கவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த இரண்டாவது படத்துக்குப் பிறகு உற்சாகத்தில், வீட்டில் நடுராத்திரி தனியாக உட்கார்ந்து விழுந்தவரையே வரைந்தேன். இரண்டு நாள் கண்ணை மூட முடியவில்லை. அடுத்த சந்திப்பில் சொன்னபோது அவர் முகம் மாறியது. அதை இங்கே வந்து வரையுங்கள், வீட்டில் வாழைமரத்தை வரையுங்கள் என்றார். கோலாலம்பூர் நண்பன் ஒருவன், மண்டலப் படத்துக்கு நிறம் தீட்டும் வார இறுதிப் பட்டறைக்கு 150 வெள்ளி கட்டி வரச் சொன்னான். அதற்கும் கலைச் சிகிச்சை என்றுதான் பெயர். நிறம் தீட்டினால் மனம் கொஞ்சம் அமைதியாகும், எங்கள் பாட்டி கோலம் போட்டதும் அப்படித்தான். ஆனால் உள்ளே கிடப்பது வெளியே வந்துவிட்டால் பிடிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? இன்னொன்று, மாத்திரை இல்லாவிட்டால் அந்த மேசையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கவே என்னால் முடிந்திருக்காது.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்கு மனச்சோர்வு, 4.6 விழுக்காடு. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற 309ஆம் சட்டப்பிரிவு நீக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அதற்கு முன்னால் இப்படிப்பட்ட அறைகளில் எத்தனை பேர் வாயைத் திறக்கப் பயந்து, ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டுவிட்டு எழுந்து போனார்களோ.

மணல் குவியல் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா முப்பது வருடம் குலை வெட்டியவர். படம் பார்த்துப் பழக்கமில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இது நீயா?”

“ஆமாப்பா.”

“பூட்ஸ் இல்லாம நிக்கிறியே.”

“போட்டிருந்தேன்பா. வரைய மறந்துட்டேன்.”

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். “அப்ப போட்டு வரை” என்றார்.