சீசன் கணக்கு

ஊட்டிக்கு வருஷத்தில் இரண்டு சீசன். செப்டம்பர், அக்டோபரில் வருவதை இரண்டாவது சீசன் என்பார்கள். அது ஒப்புக்கு. நிஜமான சீசன் ஏப்ரலும் மேயும்தான். கீழே மதுரையிலும் ஈரோட்டிலும் வெயில் மண்டையைப் பிளக்கும்போது, பள்ளிக்கூடம் லீவு விட்ட கையோடு ஜனங்கள் மலை ஏறுவார்கள். லாட்ஜ்காரர், குதிரைக்காரர், வர்க்கி விற்பவர், ஸ்வெட்டர் கடை போட்டவர் எல்லோருக்கும் அந்த அறுபது நாள் வரும்படிதான் மிச்சம் பத்து மாதத்துக்குச் சோறு.

அந்த வரிசையில் கடைசியாக நிற்பவர் ஒரு போட்டோக்காரர். நாற்பது வயதைத் தாண்டியவர். சீசனில் கூட்டத்தோடு கூட்டமாக இருப்பார், யார் கண்ணிலும் படமாட்டார். படாமல் இருப்பதற்குத்தான் அவருக்குக் காசே கொடுக்கிறார்கள் என்பது பிறகு புரியும்.

அவருடைய அப்பாவுக்கு ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. 1960-ல் மத்திய அரசு ஆரம்பித்த கம்பெனி அது. கறுப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் இங்கேதான் தயாரானது. தூசி இல்லாத குளிர்ந்த காற்று பிலிம் தொழிலுக்கு நல்லது என்று ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். தொழிலாளர்களுக்கென்று உண்டான இடத்துக்கு இந்துநகர் என்றே பெயர். 'இந்து' என்பது பிலிமின் பிராண்ட். முதலில் கலர் பிலிம் வந்தது, பின்னாலேயே டிஜிட்டல் வந்தது, கம்பெனி படுத்துவிட்டது. அப்பா விருப்ப ஓய்வில் வெளியே வர, மகன் கேமராவோடு வெளியே போனார். ஒரே வீட்டில் ஒருவர் பிலிமோடு போனார், இன்னொருவர் பிலிமைக் கொன்றதை வைத்துப் பிழைக்கிறார்.

ஆரம்பத்தில் அவருக்கு இடம் தாவரவியல் பூங்காதான். 1848-ல் மெக்ஐவர் போட்ட பூங்கா. அந்தப் பெரிய புல்வெளியில் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு "சார், பேமிலி போட்டோ சார்" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நடப்பார். எடுத்து முடித்து, விலாசம் எழுதி வாங்கி, பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புவார். செல்போனில் கேமரா வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. புல்வெளியில் இருக்கும் எல்லோர் கையிலும் கேமரா இருக்கும்போது யார் காசு கொடுப்பார்கள்?

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். எல்லோர் கையிலும் கேமரா வந்த பிறகுதான் நல்ல படத்துக்கு மவுசு கூடியது. குடும்பப் படம் எடுக்கும் ஆள் அந்தப் படத்தில் இருக்க முடியாது இல்லையா? பெரும்பாலும் அது வீட்டுக்காரர்தான். பத்து வருஷ ஆல்பத்தைப் புரட்டினால் அப்பாவே இல்லாத குடும்பமாக இருக்கும். அதற்காகவே ஆள் வைத்து எடுக்கிறார்கள். கூடவே இன்னொரு வேலையும் வந்தது, ப்ரபோசல். பையன் பெண்ணிடம் மோதிரத்தை நீட்டி, கட்டிக்கிறாயா என்று கேட்பான். அந்த நொடியை, அவளுக்குத் தெரியாமல், மரத்துக்குப் பின்னால் நின்று ஒருவர் எடுக்க வேண்டும். மண்டி போடுவது நம் ஊர் வழக்கமா என்று கேட்டால் என்ன சொல்ல... கேக் வெட்டுவது மட்டும் நம் ஊர் வழக்கமா?

அவருடைய நாள் காலை ஐந்துக்கு ஆரம்பிக்கும். மே மாதத்தில் ஆறு மணி சுமாருக்குச் சூரியன் உதிக்கும். எட்டு எட்டரை வரை வெளிச்சம் சாய்ந்து வரும், முகத்துக்கு நல்லது. பத்து மணிக்கு மேல் எடுத்த படத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த மாதிரி இருக்கும். ஊட்டி இருப்பது பூமத்திய ரேகைக்குப் பதினொன்றரை டிகிரி வடக்கே. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் உச்சி வேளைக்குச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். மே மாதத்திலும் பெரிதாக விலகியிருக்காது. வெளிச்சம் மேலிருந்து கொட்டினால் புருவத்தின் நிழல் கண்ணில் விழும். வாடிக்கையாளர்களோ காலை டிபனை முடித்துவிட்டுச் சாவகாசமாகப் பதினொரு மணிக்குத்தான் வருவார்கள். ஆகவே அவர் மேகத்துக்கு வேண்டிக்கொள்வார். மூடுபனி இறங்கினால் ஊரெல்லாம் "ஐயோ, வியூ தெரியலையே" என்று புலம்பும், அவருக்கு மட்டும் கொண்டாட்டம். வானமே ஒரு வெள்ளைத் துணி மாதிரி வெளிச்சத்தைச் சலித்துக் கொடுக்கும்.

குளிர் ஊருக்கென்று சில செலவும் உண்டு. ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டுத்தான் வைக்க வேண்டும். ஒரு லென்ஸைப் பூஞ்சைக்குக் கொடுத்துவிட்டார். வருமான வரிப் படிவத்தில் தேய்மானம் என்று ஒரு வரியில் எழுதுகிறோமே, அதை அவர் கண்ணாடிக்குள் சிலந்தி வலை போலப் படர்ந்து பார்த்திருக்கிறார்.

2025 சீசன் ஆரம்பத்திலேயே கொஞ்சம் உதறலாகத்தான் இருந்தது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் என்று வைத்திருந்தார்கள். 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. வார நாளில் 6,000 சுற்றுலா வண்டி, சனி ஞாயிறில் 8,000. மலை தாங்காது என்பது நியாயம்தான். அவருக்கே அது தெரியும், சேரிங்கிராஸில் மூன்று மணி நேரம் நின்றவர்தானே. ஆனாலும் வாடிக்கையாளர் "அண்ணா, பாஸ் கிடைக்கல" என்று போன் செய்தால் வாங்கின அட்வான்ஸைத் திருப்பித்தர வேண்டும். அட்வான்ஸ் வருமானம் கிடையாது. வேலை முடிகிறவரை அது கடன், பொறுப்புப் பக்கம் உட்கார வேண்டிய பணம். இதைப் புத்தகத்தில் படித்துப் பாஸ் பண்ணிவிடலாம். செலவழித்த பிறகு திருப்பிக் கேட்கும்போதுதான் அது நிஜமாகவே புரியும்.

மலர்க்காட்சி மே 15-ல் தொடங்கியது. மே 17, சனிக்கிழமை, அவருக்கு இரண்டு வேலை. காலையில் ஒரு ப்ரபோசல், ஒன்பது மணிக்கு ஒரு திருப்பூர்க் குடும்பம்.

ப்ரபோசல் பையன் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று வாரம் முன்பே பேசி 6,000 ரூபாய்க்கு முடித்து 3,000 அட்வான்ஸ் அனுப்பியிருந்தான். நண்பர்கள் ஆறு பேர் பூக்காட்சி பார்க்கப் போகிறோம் என்று அந்தப் பெண்ணைக் கூட்டி வருவது, கேத்திப் பக்கம் தெரிந்தவர் தேயிலைத் தோட்டத்தில் விடியலைப் பார்க்கலாம் என்று நிறுத்துவது, பையன் தொப்பியைக் கழற்றினால் அதுதான் சிக்னல். எல்லாம் பக்கா. போட்டோக்காரர் நீளமான லென்ஸோடு ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நின்றார். யாராவது கேட்டால் குருவி எடுக்க வந்தேன் என்பார். நீலகிரியில் அந்தப் பொய்யை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஆறே முக்காலுக்குத் தொப்பி கழன்றது. அவர் அழுத்தினார். அவருடைய கேமரா நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும். நீள லென்ஸில் பார்ப்பவருக்கு ஒரு சாபம் உண்டு. பக்கத்தில் நிற்கிற யாரையும்விட முகம் அவருக்குத்தான் முதலில் தெரியும். அந்தப் பெண்ணின் முகத்தில் முதலில் திகைப்பு. அது எப்போதும் வருவதுதான். அதற்கு அடுத்து வர வேண்டியது வரவில்லை. அவள் பையனைப் பார்க்கவில்லை. சுற்றிலும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்த நண்பர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். மாட்டிக்கொண்ட முகம் அது.

"எந்திரி" என்றாள். "ப்ளீஸ்... எந்திரி."

அவர் விரலை எடுக்கும்போது முப்பது நாற்பது படம் விழுந்திருந்தது.

அவள் யாரிடமும் பேசாமல் ரோட்டைப் பார்த்து நடந்தாள். வழி அந்த மரத்தை ஒட்டித்தான். கேமராவைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"நீங்களும் இதுக்குத்தான் வந்தீங்களாண்ணா?"

"ஆமாம்மா."

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"அதை அழிச்சிருங்கண்ணா."

அவர் "பாக்கறேம்மா" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பேரம் பேச வந்தவர்களிடம் சொல்கிற அதே "பாக்கறேன்".

ஒன்பது மணிக்குப் பூங்காவில் அவர் வேறு ஆள். திருப்பூர்க் குடும்பத்தில் பதினேழு தலை. குடும்பத்தை நிற்க வைப்பது சாதாரண வேலை இல்லை. யார் நடுவில், யார் ஓரம் என்பதில் பங்காளித் தகராறு முழுக்க இருக்கும். புது மருமகள் எப்போதும் ஓரத்துக்கே போய் நிற்பாள். ஓரத்தில் நின்றால் அகல லென்ஸில் உடம்பு இழுத்த மாதிரி விழும், அப்புறம் அதற்கு வேறு வருத்தம். அதனால் "அம்மிணி, நீங்க உயரம், நடுவுல வந்தாத்தான் சரியா இருக்கும்" என்று உயரத்தின் மேல் பழியைப் போட்டு உள்ளே இழுப்பார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவார், ரெண்டிலேயே எடுத்துவிடுவார். மூணுக்கு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாஸ்போர்ட் முகம் காட்டுவார்களே, அதற்காக. மூணு முடிந்து "ஆச்சு" என்றதும் எல்லோரும் சிரிப்பார்கள், அப்போது இன்னும் ஐந்து.

கடைசியாக ஒன்று செய்வார். அந்த வீட்டில் மூத்தவர் யாரோ அவரைத் தனியாக நிழலில் உட்கார வைத்து, மார்பளவில் ஒரு படம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், பில்லிலும் வராது. ஏனென்றால் ஆடி, ஆவணி வாக்கில் சில போன் வரும். "அண்ணா, அந்தக் குரூப் போட்டோல பாட்டியை மட்டும் தனியா வெட்டி, கொஞ்சம் பெருசா போட்டுத் தர முடியுங்களா?" எதற்கென்று அவர் கேட்க மாட்டார். முன்பு குரூப் படத்தில் வெட்டினால் தோளில் யாருடைய கையோ கிடக்கும், காதோரம் பேரன் தலை ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் இந்தப் பழக்கம். அன்றைக்குத் திருப்பூர்ப் பாட்டி "என்னை மட்டும் எதுக்கு சாமி எடுக்கறே?" என்று கேட்டார். "சும்மா இருக்கட்டும்ங்கம்மா" என்றார்.

ராத்திரி பையன் போன் செய்தான். படம் எல்லாம் வேண்டும், மீதிப் பணத்தை இப்போதே அனுப்புகிறேன் என்றான். "நல்லா வந்திருக்குமில்லண்ணா? அவளுக்கு அனுப்பினா மனசு மாறும்ணா." குரல் அழுது ஓய்ந்த குரல். அவன் கெட்டவனும் இல்லை, அதுதான் சிக்கல்.

சட்டத்தைக் கேட்டால் பையன் பக்கம்தான் பேசும். 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம், 17-ம் பிரிவு: ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எடுத்தவருக்கே அதில் உரிமை இல்லை. படத்தில் இருப்பவரைப் பற்றியோ அந்த வரியில் பேச்சே இல்லை. ஆர்டர் கொடுத்தவன் அவன், அட்வான்ஸ் போட்டவன் அவன். கடைக்கணக்கில் அவள் யாரும் இல்லை. ஆனால் எல்லாப் படத்திலும் இருப்பது அவள் முகம்.

அவருடைய மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே ஒன்றுதான் கேட்டார். "அந்தப் பொண்ணு சரின்னிருந்தா அவகிட்ட கேட்டா கொடுத்திருப்பீங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்களே."

"அப்போ இதுவரைக்கும் யார்கிட்டயும் கேட்டதில்லை."

அதற்கு அவரிடம் பதில் இல்லை. எட்டு வருஷமாக மரத்துக்குப் பின்னால் நிற்கிறார்.

மறுநாள் காலை பையனுக்கு நான்கு படம் அனுப்பினார். நான்கிலும் அவன் மட்டும், அவர்கள் வருவதற்கு முன் பனிக்குள் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு நிற்கிறான். கூடவே 3,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். "மத்ததுல அந்தப் பொண்ணு இருக்காங்க தம்பி, அவங்க வேண்டாம்னுட்டாங்க" என்று எழுதினார். கார்டு கெட்டுப்போச்சு என்று ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஏனோ சொல்லவில்லை. சாயங்காலமே அவருடைய பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் விழுந்தது. தொழில் தெரியாத ஆள், நம்பாதீர்கள் என்று. சீசன் நடுவில் ஒற்றை நட்சத்திரம் என்பது கடை வாசலில் யாரோ நின்று வருகிறவர்களை மறிக்கிற மாதிரி. அவர் பதில் எழுதவில்லை. எழுதினால் அந்தப் பெண்ணைப் பற்றி எழுத வேண்டி வரும்.

கேமராவில் இரண்டு கார்டு, ஒரே படம் இரண்டிலும் விழும். அழித்தாலும் அதற்கென்று மென்பொருள் போட்டால் மீட்டுவிடலாம், மேலே வேறு படம் எழுதப்படுகிறவரை அது உள்ளேயேதான் கிடக்கும். திருப்பூர்க் குடும்பத்தின் படங்களைக் கணினியில் ஏற்றிவிட்டு இரண்டையும் துடைத்தார். அடுத்த நான்கு நாளும் வேறு கார்டு போடாமல் அதே இரண்டையே போட்டார். மதுரைக் குடும்பம் ஒன்று, பாலக்காட்டிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, ரிட்டயரான வாத்தியார் தம்பதி. கார்டு நிறைகிறவரை எடுத்தார்.

மே 24-ல் கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள், சுற்றுலா இடங்களை மூடினார்கள். கடைசி வாரத்துக்கு வாங்கியிருந்த ஐந்து அட்வான்ஸும் திரும்பிப் போயிற்று. சீசன் ஒரு வாரம் முன்பாகவே முடிந்தது.

ஜூனில் மழை ஓட்டுக் கூரையில் இரைந்துகொண்டிருக்க, அவர் நோட்டைக் கூட்டிப் பார்த்தார். லென்ஸ் தவணை, கூட வந்த பையனுக்குக் கூலி, பெட்ரோல், பிள்ளை ஸ்கூல் பீஸ். போன வருஷத்தைவிடக் குறைவுதான். மே 17-க்கு எதிரே வரவு 3,000, பற்று 3,000 என்று இருந்தது. விவரம் என்ற கட்டத்தில் முதலில் 'கேன்சல்' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டுக் கட்டத்தை வெறுமனே விட்டிருந்தார்.