டிரங்குப் பெட்டி காய்கிறது

3 டிசம்பர் 2024, செவ்வாய்

இன்றுதான் எங்கள் ஊரான உறுவையாற்றுக்கு வழி கிடைத்தது. சனிக்கிழமை ராத்திரி கரையேறிய ஃபெஞ்சல் புயல் நகராமல் நின்று கொட்டியதில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அது வடிவதற்குள் வீடூர் அணையைத் திறந்தார்கள். சங்கராபரணி கரைக்குள் நிற்கவில்லை. சித்தப்பா வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கோடு. வயல் பக்கம் பார்க்கவே வேண்டாம் என்றார் சித்தப்பா. பார்த்தேன். சம்பா நாற்று நட்ட இடம் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை.

தாத்தாவின் டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கிறது. அரிசியைத் தூக்கிப் பரணில் வைத்தவர்கள் இதை மறந்துவிட்டார்கள். எனக்குக் கோபம்தான், ஆனால் அரிசியை மறந்து இதைத் தூக்கியிருந்தால் ஆயாவே திட்டியிருப்பாள். ஆயா என்பது எங்கள் பாட்டி, வயது எண்பத்தெட்டு. திண்ணையில் உட்கார்ந்து, "மேல்பக்கம் பிரிக்காத, கிழியும். வெயில்ல அப்படியே வையி" என்று அதிகாரம் செய்தாள்.

உள்ளே பச்சைத் துணி ஒன்று. ஒட்டிப்போன மூன்று போட்டோ. நொத்தேர் (நோட்டரி) முத்திரை போட்ட கிரயப் பத்திரம். தாத்தாவின் பட்டாளப் புத்தகம்.

4 டிசம்பர், புதன்

எங்கள் ஊர்ப்பக்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரைச் சொல்தா என்போம். சொல்தா வீடு, சொல்தா பென்ஷன், சொல்தா மாப்பிள்ளை. மாப்பிள்ளை மார்க்கெட்டில் இந்தச் சொல்லுக்கு இன்றைக்கும் விலை உண்டு. என் தாத்தாவும் சொல்தாதான். 1954-ல் இந்தோசீனாவிலிருந்து திரும்பி வந்தவர். ஆனால் எங்களுடையது 'சொல்தா வீடு' இல்லை. அதற்கு வேறு காரணம், பிறகு எழுதுகிறேன்.

பள்ளிக்கு லீவு என்பதால் அண்ணன் மகளை வரவழைத்தேன். பதினொன்றாம் வகுப்பு, இரண்டாம் மொழி பிரெஞ்சு. பட்டாளப் புத்தகத்தின் ஓரம் உலர்ந்து முறுக்கிக்கொண்டிருந்தது. ஊதா மை சில இடங்களில் கரைந்து மேகம் மாதிரி பரவிவிட்டது. அவள் விரலால் தொடாமல், முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தாள். உயரம் 1 மீட்டர் 64. முடி கறுப்பு. கண் கறுப்பு. அடையாளம்: இடது கெண்டைக்காலில் தழும்பு.

"கருக்கருவா பட்டது" என்றாள் ஆயா உடனே. "பதினாலு வயசுல, அறுப்புல."

தொழில் என்ற இடத்தில் குல்த்திவத்தேர் என்று எழுதியிருந்தது. "விவசாயி" என்றாள் அண்ணன் மகள். சைகோனில் துப்பாக்கி தூக்கிய காலம் முழுவதும் இவர் தாளில் விவசாயியாகவே இருந்திருக்கிறார்.

5 டிசம்பர், வியாழன்

கல்யாணம் 1951-ல், தாத்தா லீவில் வந்தபோது. ஆயாவுக்குப் பதினைந்து. ஒன்றரை மாதம் கழித்துப் புருஷன் கப்பலேறிவிட்டார். மூன்று வருஷம் மாமியாரோடு நடவு, களை, அறுப்பு. "அவரு சைகோன்ல இருந்தாரு, நான் சேத்துல இருந்தேன்" என்று சிரிக்கிறாள். இந்த வாக்கியத்தை இதற்கு முன்பும் பலரிடம் சொல்லியிருப்பாள் போல, அவ்வளவு வழவழப்பு.

பணம் ஒழுங்காக வந்திருக்கிறது. சம்பளம் பியாஸ்தரில். ஒரு பியாஸ்தருக்கு 17 பிராங்க் என்று பிரெஞ்சு அரசு செயற்கையாகத் தூக்கிப் பிடித்திருந்த காலம் அது. சந்தையில் அதில் பாதி மதிப்பும் கிடையாது. இந்த வித்தியாசத்தில் பெரிய மனிதர்கள் பலர் கொழுத்து, பாரீஸில் ஊழல் என்று நாறியது. 1953 மே மாதம் பத்து பிராங்காகக் குறைத்தார்கள். ஆயாவுக்கு இதெல்லாம் தெரியாது. "அப்புறம் பணம் கம்மியா வந்துச்சு, குடிக்கிறாரோன்னு உங்க கொள்ளுப்பாட்டி அழுதா" என்பதுதான் அவள் கணக்கு. எழுபது வருஷம் கழித்து நான் தாத்தாவுக்காக வாதாடினேன். "ஓஹோ" என்றாள்.

குறைவதற்கு முன், 1952-ல், வந்த பணத்தில் ஒரு காணி வாங்கியிருக்கிறார்கள். பத்திரத்தில் 53 ஆர் 51 சென்டியார் என்று இருக்கிறது. நாங்கள் சொல்வது நூறு குழி. மூன்றும் ஒரே நிலம்தான்.

சண்டையைப் பற்றித் தாத்தா எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்று. பெரிய கதை இல்லை. அங்கேயும் நம்மைப் போலவே எருமை, நாற்று, குனிந்து நடும் பெண்கள். வரப்பில் கண்ணிவெடி இருக்கும் என்று வரப்பில் நடக்க விடமாட்டார்களாம். வரிசையாக வயலுக்குள் இறங்கி நடக்க வேண்டும். "நட்டு நாலு நாள் ஆன வயலு. பூட்ஸ் காலோட மிதிச்சிக்கிட்டே போனோம்." இதைச் சொல்லும்போது காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்வார். அங்கே யாரையாவது சுட்டாரா என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

8 டிசம்பர், ஞாயிறு

சித்தப்பாவோடு இன்று பழைய சண்டை மறுபடி. வருஷத்துக்கு ஒருமுறை வரும்.

தேதிகளை வரிசையாக வைத்தால் விசித்திரமாக இருக்கிறது. 1954 மே 7-ல் தியன் பியன் பூ விழுந்தது. ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம். தாத்தா ஊர் திரும்பினார். அக்டோபர் 18-ல், இதே வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் கீழூரில் கூடி 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள்: இந்தியாவோடு சேர 170, வேண்டாம் என்று 8. நவம்பர் 1-ல் கொடி மாறியது. எவனுடைய நாட்டையோ பிரான்ஸுக்காகக் காக்கப் போனவர், வந்து மூட்டை பிரிப்பதற்குள் சொந்த ஊரே பிரான்ஸ் இல்லை.

சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் 16 வரை ஆனது. அன்றிலிருந்து ஆறு மாதம் தவணை. பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர் எழுதிக் கொடுக்கலாம், கொடுக்காதவர் இந்தியர். தாத்தா அதை ஒப்சியோன் என்பார். சுமார் ஐயாயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். அவரோடு சைகோனில் இருந்த சிநேகிதரும் கொடுத்தார். அவர் பேரப்பிள்ளைகள் இப்போது பாரீஸுக்குப் பக்கத்தில். தை மாதம் வந்து, வீட்டைத் திறந்து பெருக்கி, பூட்டிவிட்டுப் போகிறார்கள். தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை, அதனால்தான் எங்களுடையது 'சொல்தா வீடு' இல்லை.

"ஒரு கையெழுத்து. ஒண்ணே ஒண்ணு. போட்டிருந்தா இன்னைக்கு நான் சேத்துல நிக்க மாட்டேன்" என்றார் சித்தப்பா. எழுதிக் கொடுத்தாலும் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று கட்டாயம் இல்லை, நிலமும் போய்விடாது. அதுதான் அவருக்கு ஆறவே இல்லை. நானும் இருபது வயதில் இப்படித்தான் பேசினேன். இப்போது பேச முடியவில்லை. 1962-ல் யாருக்கு எது தெரியும்?

ஆயாவிடம் கேட்டேன். "ஏன் போடல?"

"அது ஆவணியில ஆரம்பிச்சி தையில முடிஞ்சிது" என்றாள். "உழவு, நாத்து, நடவு, களை, அறுப்பு. எங்க நேரம்?"

இதையே காரணமாக ஒப்புக்கொள்ள என் மனசு கேட்கவில்லை. ஆறு மாதத்தில் ஒரு நாள் பட்டணம் போய்வர முடியாதா? வருஷா வருஷம் நவம்பர் 11-ல் வெள்ளைச் சட்டை போட்டு, மெடல் குத்தி, கடற்கரையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்குப் போய் நின்றவர்தானே. அன்றைக்கும் வயலில் வேலை இருந்திருக்கும். ஆனால் ஆயா சொல்லும்போது நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆகஸ்ட் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை. ஒரு சம்பா போகம், ஒரு நாள் கூடக் குறைச்சல் கிடையாது.

10 டிசம்பர், செவ்வாய்

ஹெக்டேருக்கு முப்பதாயிரம் நிவாரணம் என்று முதலமைச்சர் அறிவித்திருக்கிறார். தாத்தாவின் காணிக்குக் கணக்குப் போட்டால் பதினாறாயிரம் சொச்சம். வந்தால் உரத்துக்கு ஆகும். பத்திரம் இன்னும் ஈரம், அதனால் போட்டோ எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஒட்டிப்போன போட்டோக்களில் ஒன்று மட்டும் பிரிந்தது. அதிலும் முகம் இருந்த இடம் மற்றதோடு போய்விட்டது. சட்டை, பெல்ட், இரண்டு கால்.

மேட்டுப் பக்கம் பயிர் பிழைத்துவிட்டது. பள்ளத்தில் அழுகிப்போன இடங்களில் மட்டும், பிழைத்த தூரைப் பிரித்து ஊன்றலாம் என்று சித்தப்பா ஆள் கூப்பிட்டிருந்தார். மூன்று பேர்தான் வந்தார்கள். நானும் இறங்கினேன், உபயோகமாக எதுவும் செய்யவில்லை. ஆயா நாற்காலியோடு வரப்புக்கு வந்துவிட்டாள். அண்ணன் மகள் போனில் வீடியோ எடுத்தபடியே ஷூ காலோடு வயலுக்குள் ஒரு அடி வைத்தாள்.

"ஏய்! செருப்புக் காலோட இறங்காத! கழட்டிட்டு வா!" என்று ஆயா போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் எழும்பிவிட்டது.