சேவை மனசும் மாதச் சம்பளமும்

அமெரிக்காவில் சில மாநிலங்களில் பயிற்சி முடித்த ஆசிரியர் கிடைக்காமல், முடிக்காதவருக்கும் அவசர உரிமம் கொடுத்து வகுப்புக்கு அனுப்புகிறார்கள். நம் ஊர்க் கதை வேறு. இங்கே பி.எட். முடித்து, டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறிக் காத்திருப்பவர்கள் ஏராளம். ஆள் இருக்கிறது, நியமன ஆணைதான் வருவதில்லை.

2022-ல் அரசுப் பள்ளிகளில் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்பச் சொன்னது தமிழக அரசு. அப்போது அறிவித்த சம்பளம், இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000.

குன்றத்தூரில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, கணக்குப் பட்டதாரி, அப்படித்தான் வேலைக்குப் போகிறாள். நிரந்தர ஆசிரியர் நடத்தும் அதே பாடம். அதே விடைத்தாள் கட்டு. சாப்பாடு முடிந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் திருத்துவாள். வகுத்தலில் தடுமாறும் பிள்ளைக்கு வெறும் தப்புக்குறி போடாமல், எந்த வரியில் வழுக்கியதோ அங்கே வட்டம் போட்டு, பக்கத்தில் போட்டுக் காட்டுவாள். மே மாதம் சம்பளம் இல்லை. ஜூனில் கூப்பிடுவார்களா, தெரியாது.

“உனக்குச் சேவை மனசும்மா” என்கிறது தெரு. எனக்கு இந்தப் பாராட்டின் மேல் சந்தேகம் உண்டு. பள்ளிக்கூடத்துக்குச் சுவர் கட்டும் கான்ட்ராக்டரிடம் யாரும் சேவை மனசை எதிர்பார்ப்பதில்லை. பில் போட்டால் பணம் தருகிறோம். பாடம் நடத்துபவரிடம் மட்டும் மனசைப் புகழ்ந்துவிட்டுக் கூலியைக் குறைக்கிறோம். தற்காலிகம் என்ற சொல்லுக்கு நம்மிடம் ஆயுசு கெட்டி. 2012-ல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்த ஓவிய, தையல், உடற்கல்வி ஆசிரியர்கள் பத்து வருஷம் தாண்டியும் பகுதிநேரமாகவே இருந்தார்கள்.

இப்படித் தற்காலிகமாகப் பாடம் நடத்தும் இளையவர்களுக்கு நான் சொல்வது: வேலையில் குறை வைக்காதீர்கள். நீங்கள் நிரந்தரமா இல்லையா என்பது பிள்ளைக்குத் தெரியாது. அதற்கு ஆறாம் வகுப்பு ஒரே தடவைதான். ஆனால் நிரந்தர வேலைக்கான தேர்வுப் படிப்பை விடாதீர்கள். சம்பளம் தாமதமானால் கூச்சப்படாமல் கேளுங்கள். உழைத்த காசைக் கேட்பது பேராசை ஆகாது.

பெற்றோருக்கு ஒன்று: மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு நீங்கள்தான். அடுத்த கூட்டத்துக்குப் போய், காலியிடத்தை நிரந்தரமாக நிரப்பச் சொல்லித் தீர்மானம் போட்டு மேலே அனுப்புங்கள். அந்தப் பெண்ணைப் பாராட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.