கிண்டியில பிறந்த வரைபடம்!

பயோ இன்ஃபர்மேடிக்ஸ் படிக்கிறீங்களா? 'பாதி பயாலஜி, பாதி கம்ப்யூட்டர்... வேலை கிடைக்குமா?'னு குழப்பமா? அப்ப ஒருநாள் கிண்டி பக்கம் வாங்க.

அண்ணா பல்கலைக்கழகத்தை ஒட்டியே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். இங்கே இருக்கும் படிகவியல், உயிர் இயற்பியல் துறை, ஜி.என்.ராமச்சந்திரன் உருவாக்கியது. 1952-ல் சென்னைப் பல்கலைக்கு வந்தவர், 1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜனின் மூன்று இழை அமைப்பைச் சொன்னார். சாம்பிள் கிடைத்தது பக்கத்துல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில்!

அடுத்தது 1963. புரோட்டீன் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் முக்கியமா ரெண்டு கோணத்தில்தான் திரும்பும். கண்டபடி திரும்பினா அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும். இடிக்காத கோணங்கள் எவை? ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு சேர்ந்து அதைப் படமா போட்டார். அதுதான் 'ராமச்சந்திரன் பிளாட்'. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது!

இன்னைக்கு ஆல்ஃபாஃபோல்டு கொடுக்கும் மாடலையும் இதில் வெச்சுத்தான் சரிபார்க்கிறாங்க. ஒரு புள்ளி எல்லைக்கு வெளியே நிக்குதா? அது கிளைசினா இருந்தா பெரும்பாலும் பிரச்னை இல்லை. அதுக்குப் பக்கச் சங்கிலி கிடையாது, தாராளமா திரும்பும். வேற அமிலம்னா, மாடலே தப்பா இருக்கலாம். பட்டனைத் தட்ட யாராலும் முடியும். அந்தப் புள்ளி ஏன் அங்கே நிக்குதுனு சொல்றவங்களுக்குத்தான் லேப்ல மரியாதை!

துறைக்குள்ளே போகணும்னா முன்கூட்டியே அனுமதி கேளுங்க. அது மியூசியம் இல்லை... வகுப்பு நடக்கிற இடம்!