"ஹீரோயினுக்கு அஞ்சே டிரஸ்தான்!" - எம்.சி. ரோட்டில் ஒரு மாணவர் படக்குழு

தீபாவளி நேரத்து எம்.சி. ரோட்டில் நாம் நடக்க வேண்டியதே இல்லை. கூட்டமே நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பழைய வண்ணாரப்பேட்டையின் இந்த ஜவுளித் தெருவை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால், ஆடித் தள்ளுபடி முடிந்த புரட்டாசியில் ஒரு புதன்கிழமை காலை போக வேண்டும். அப்படித்தான் விஸ்காம் இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேரோடு வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கினேன். அவர்கள் எடுக்கப்போகும் 25 நிமிடக் காதல் படத்துக்கு உடை வாங்க வேண்டும். கையில் 6,000 ரூபாய்.

கதை எளிமையானது. விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, ஹாஸ்டலில் தங்கி, மெரினா எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரியில் படிக்கிறாள் ஒரு பெண். தினமும் அதே பஸ்ஸில் வருகிறான் ஒரு பையன். முன்னும் பின்னும் பிங்க் அடித்த பஸ். அவளுக்கு இலவசப் பயணம், அவனுக்கு டிக்கெட். முதல் சண்டையே அதில்தான் வருகிறதாம்!

நிஜச் சண்டை முதல் கடை வாசலிலேயே வந்துவிட்டது. இயக்குநர் தம்பியின் போனில் இருந்த பட்டியலில் ஹீரோயினுக்கு 14 காஸ்ட்யூம்.

"ஹாஸ்டல் பொண்ணுகிட்ட ஏதுடா 14 டிரஸ்? எங்கிட்டயே அஞ்சுதான் இருக்கு. அதுலயும் ஒண்ணு அக்காவோடது" என்றார் உடைக்குப் பொறுப்பேற்றிருக்கும் மாணவி.

"ஸ்கிரீன்ல போரடிக்காதா?"

"துப்பட்டாவ மாத்திப் போடுவா. நாங்க அப்படித்தான் சமாளிக்கிறோம்."

அதற்குமேல் அவர் பேசவில்லை. பட்டியலில் ஒன்பது உடைகள் அழிந்தன. '96 படத்தின் சென்னை இரவில் பெரும்பகுதி த்ரிஷா ஒரே மஞ்சள் குர்தாவில்தான் வருவார். யாருக்குப் போரடித்தது? 2018-ல் படம் வந்த பிறகு அந்தக் குர்தாவைத் தேடிக் கடை கடையாக அலைந்தவர்களை நமக்குத் தெரியும்.

ஐந்து என்று முடிவானதும் அடுத்த கேள்வி, நிறம். மாநிலக் கல்லூரியின் பழைய கட்டடம் ராபர்ட் சிஸம் வடிவமைத்தது. 1870-ல் கட்டி முடித்த செங்கல் சிவப்பு. அதன் முன்னால் மெரூன் சுடிதாரில் ஒரு பெண் நின்றால் சுவரோடு சுவராகக் கரைந்துபோவாள். அதனால் மெரூன் வேண்டவே வேண்டாம் என்றார் ஒளிப்பதிவு மாணவர். ஆனால், "அழுக்கு தெரியாத கலரா எடு" என்றுதான் எல்லா வீட்டு அம்மாக்களும் சொல்லி அனுப்புகிறார்கள். மெரூன், கருநீலம், பாட்டில் பச்சை, காபிக்கொட்டை நிறம். அந்தப் பெண் வேறு எதை எடுப்பாள்?

கால் மணி நேரம் பேசி ஒரு வழி கண்டார்கள். நான்கு உடைகள் அழுக்கு தெரியாத நிறத்திலேயே இருக்கட்டும். படத்தின் முதல் பாதியில் அவள் சுவரில் கரைந்தே போகட்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதல்லவா? அதில் அவள் தனக்கென்று முதன்முதலாக ஒன்று வாங்குகிறாள். அது மட்டும் அழுக்கு தெரிகிற நிறம். இளமஞ்சள்.

திட்டமிட்ட படத்தின் அழகே இதுதான் என்று எனக்குத் தோன்றியது. வசனமே வேண்டாம், அவள் ஆசைப்பட ஆரம்பித்துவிட்டாள் என்பது தெரிந்துவிடும்.

ஒளிப்பதிவு மாணவர் செய்த ஒரு காரியம் நமக்கும் உதவும். எந்தத் துணியையும் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யவில்லை. "தம்பி, துணியத் தூக்கிட்டு எங்க போற?" என்று கடைக்கார அண்ணன் பதற, வாசல் வெயிலில் பிடித்து போனில் வீடியோ எடுத்தார். உள்ளே பச்சையாக இருந்தது வெளியே நீலமாகிவிட்டது! பொடிக் கோடு போட்ட சட்டை வீடியோவில் நெளிந்தது, தள்ளுபடி. வெள்ளைச் சட்டையும் வேண்டாம். கடற்கரை மதிய வெயிலில் அப்படியே வெளுத்துப்போகும். ஹீரோவுக்கு மங்கிய நீலத்திலும் சாம்பல் நிறத்திலும் மூன்று சட்டைகள்.

பேரம் பேசி சாதா செட் 450-க்கு முடிந்தது. மஞ்சள் 700-க்குக் கீழே இறங்கவில்லை. பிரச்னை விலை இல்லை. மழைக் காட்சிக்கு அதே உடை இரண்டு வேண்டும். ஒன்று நனைந்துவிட்டால் அடுத்த டேக்குக்கு உலர்ந்த ஒன்று கையில் இருக்க வேண்டுமே! "ஒரே பீஸ்தான் பாப்பா இருக்கு" என்றார் அண்ணன். நான்கு கடைகள் ஏறி இறங்கியும் அந்த மஞ்சள் கிடைக்கவில்லை. கடைசியில் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து ஷூட்டிங் அட்டவணையை மாற்றினார்கள். மழைக் காட்சி கடைசி நாளுக்கு, ஒரே டேக்கில்.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் துணி வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர் வண்ணாரப்பேட்டை. இங்கே வாங்கிய துணிக்கும் இனி வெளுப்பு வேலை பாக்கி இருக்கிறது. புதுத் துணியின் மொடமொடப்பு கேமராவில் அப்படியே தெரியும். ஹாஸ்டல் பெண்ணின் சுடிதார் அப்படி நிற்காது. எனவே நான்கு செட்டையும் ஷூட்டிங்குக்கு முன் ஆறு முறையாவது ஹாஸ்டல் பக்கெட்டில் துவைத்து, மொட்டை மாடி வெயிலில் காயப்போடுவது அந்த மாணவியின் பொறுப்பு.

மஞ்சளை மட்டும் கவர் பிரிக்காமல் வைத்திருக்கிறார்.